பத்தாயிரம் தலைக்கு ஒரு சலூன்

எங்கள் ஊரில் சலூன் ஒன்றுதான் இருந்தது. கடைவீதியும் ஆற்றங்கரைச் சாலையும் சேரும் முனையில், இரண்டு நாற்காலிகளோடு. ஒன்று அண்ணனுடையது, இன்னொன்று தம்பியுடையது. அண்ணனைப் பெரியவர் என்போம், தம்பியைச் சின்னவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவரின் நாற்காலி காலியாகக் கிடந்தாலும், பெஞ்சில் இருப்பவர்கள் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, தம்பி முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். பெரியவருக்கு அது தெரியும். தெரியாத மாதிரி சீப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஊர் வளராமல் இல்லை, மெதுவாக வளர்ந்தது. அக்கரையில் பழைய செங்கல் சூளை இருந்த மேட்டில் முதலில் நாலு வீடு முளைத்தது. மறு வருஷம் ஒன்பது. பிறகு வரிசையாகத் தகரக் கூரைகள், நடுநடுவே ஒரு மாடி. தண்ணீர்க் குழாயும் கிடையாது, தெருவிளக்கும் கிடையாது. அங்கே இருப்பவர்கள் காலையில் நடைபாலத்தைத் தாண்டி இக்கரைக்கு வேலைக்கு வருவார்கள், சாயங்காலம் திரும்பிப் போவார்கள். ஊர் எல்லையில் நகரசபை நட்டு வைத்த பலகையில் மட்டும் மக்கள்தொகை 9,412 என்று வருஷக்கணக்காக அப்படியே நின்றது.

ஒரு புதன்கிழமை காலை, தபால்காரரின் தலையில் பாதி முடிந்திருந்தபோது சின்னவரின் கையிலிருந்து சீப்பு விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். உயிரும் பேச்சும் தப்பின, வலது கை மட்டும் வரவில்லை. தபால்காரர் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பாதி வெட்டிய தலையோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது.

சின்னவரின் மனைவி, நாங்கள் சின்னவள் என்று கூப்பிடுகிறவள், அதே ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் வார்டு ஆயாவாக இருந்தவள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முடி வெட்டுவது, தாடி எடுப்பது, ஆபரேஷனுக்கு முன்னால் சவரம் செய்வது எல்லாம் அவள் வேலை. குழாய் செருகிய மூக்குக்குக் கீழே மீசையை எடுப்பதென்றால் டாக்டர்களே அவளைத்தான் தேடுவார்கள். அந்த வருஷம்தான் ஆயா வேலையையெல்லாம் வெளியாட்களுக்குக் குத்தகை விட்டு அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆக, ஒரே கூரையின் கீழ் வேலை இல்லாத ஒருத்தியும் கை இல்லாத ஒருவரும்.

"கத்தி உனக்குப் பழக்கம், கத்திரியும் பழக்கம்" என்றார் சின்னவர். "என்னோட நாற்காலி சும்மாதானே கெடக்குது?"

"உங்க அண்ணன் ஒத்துக்குவாரா?"

"கேட்டாத்தானே தெரியும். அவன் வாய் அவனுக்கு, உன் வாய் உனக்கு."

மறுநாள் சின்னவள் சலூனுக்குப் போனாள். பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் நான்.

"அத்தான், நாளையிலேர்ந்து அவரு நின்ன இடத்துல நான் நிக்கிறேன்" என்றாள் மூத்தாரிடம்.

பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த அவளிடம்தான் பேசினார். "எதுக்கும்மா? பெருக்கறதுக்கா?"

"வெட்டறதுக்கு."

"இது ஆஸ்பத்திரி இல்ல. படுத்துக் கெடக்கறவன் எந்திரிச்சு ஓட முடியாது, அதனால உன் கைக்கு வந்தான். இங்க நடந்து வர்றவன் நடந்தே போயிடுவான். பொம்பள கையில கத்தியக் குடுத்தா எவன் கழுத்த நீட்டுவான்?" எங்களைப் பார்த்து, "என்னப்பா, நீட்டுவீங்களா?" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் செய்தித்தாளுக்குள் போய்விட்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

"சரி. அப்ப அவரு நாற்காலியக் குடுத்துடுங்க."

"தாராளமா. தூக்க முடிஞ்சா எடுத்துட்டுப் போ."

அடியில் எண்ணெய் பம்ப் வைத்த இரும்பு நாற்காலி அது. நாலு போல்ட் போட்டுத் தரையோடு முறுக்கி வைத்திருந்தார்கள். சின்னவள் வெளியே போனாள். பெரியவர் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். அரைமணி நேரம் கழித்து அவள் வந்தபோது கையில் ஸ்பானர், வாசலில் காய்கறிக்காரியின் தள்ளுவண்டி, இடது கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு சின்னவர். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினாள். மூன்று வந்துவிட்டது. நாலாவது துருப்பிடித்து அசையவில்லை. ஸ்பானரின் மேல் ஏறி நின்று மிதித்தாள். 'டக்' என்று சத்தம் கேட்டபோது பெரியவரின் தோள் ஒரு தடவை குலுங்கியது.

வண்டியில் ஏற்ற மட்டும் காய்கறிக்காரி கை கொடுத்தாள். பிறகு புருஷனும் பெண்டாட்டியும் கடைவீதி முழுக்க அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பள்ளம் வரும் இடத்திலெல்லாம் நாற்காலி தானாகச் சுழன்று எங்களைத் திரும்பிப் பார்த்தது. சின்னவர் வழி நெடுக, "வழி விடுங்க, தலைவர் வர்றாரு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

நடைபாலத்தின் வாயில் சைக்கிள் ரிப்பேர் கடை நடந்து காலியான ஓர் அறை இருந்தது. ஒற்றைக் கதவு, ஒரு ஜன்னல், சுவரெல்லாம் கிரீஸ் கறை. நாலு நாள் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாள். வீட்டுப் பீரோவின் கதவிலிருந்து கண்ணாடியைக் கழற்றி மாட்டினாள். அதன் பிறகு உரிமம் வாங்க நகரசபைக்குப் போனாள்.

உரிமப் பிரிவு எழுத்தர் நல்ல மனிதர்தான். யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. அதனால் எப்போதும் விதிப் புத்தகத்தைச் சொல்ல வைப்பார். அன்றும் அதைப் பிரித்து, விரல் வைத்துப் படித்தார். "பத்தாயிரம் பேருக்கு ஒரு சலூன். ரெண்டாவது வேணும்னா ஜனத்தொகை பத்தாயிரத்தத் தாண்டணும்மா. நம்ம ஊரு ஒன்பதாயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

"இப்படி ஒரு விதியா? யாரு போட்டது?"

எழுத்தர் பேனாவின் மூடியைப் பார்த்தார். "பழைய விதி. போன சபையில திரும்ப உறுதிப்படுத்தியிருக்காங்க." பெரியவர் சபை உறுப்பினர் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"எப்ப தாண்டும்?"

"வருஷத்துக்கு ஒரு நூறு கூடும்னு வச்சுக்கிட்டா, இன்னும் ஆறு வருஷம்."

"அதுவரைக்கும் ஊர்ல யாருக்கும் முடி வளராதா சார்?"

எழுத்தர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இருமினார்.

"இந்தக் கணக்குல அக்கரை உண்டா?" என்று கேட்டாள்.

"அக்கரையில இருக்கறவங்க தற்காலிகமாத் தங்கியிருக்கறவங்க. கணக்குல வராது."

"எத்தன வருஷமாத் தற்காலிகம்?"

எழுத்தர் விதிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தார்.

அவள் வீட்டுக்கு வந்ததும் மகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில் மீதியிருந்த தாள்களில் கோடு போட்டாள். மறுநாளிலிருந்து தினமும் மூன்று மணிக்கு நடைபாலத்தைத் தாண்டுவாள், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். கதவைத் தட்டி, உள்ளே எத்தனை பேர், என்ன வேலை, எத்தனை வருஷம் என்று கேட்டு எழுதினாள். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. காலி பண்ணச் சொல்வதற்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். ஒரு வெல்டர் கதவை அவள் மூக்குக்கு முன்னால் சாத்தினான்.

"நான் கவர்மெண்ட் இல்ல, சலூன் வைக்கறவ" என்று சாத்திய கதவிடம் சொன்னாள். "எனக்குத் தலை வேணும். உங்க தலைய யாரும் எண்ணல. ரெண்டு பேரு குறையும் ஒண்ணுதான்."

கதவு கொஞ்சம் திறந்தது. "எண்ணி?"

"எண்ணிக் கொண்டுபோய் அவங்க மேசையில வைப்பேன்."

அதன் பிறகு வெல்டரின் மனைவியே அடுத்த தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு வீட்டில் பிறந்து ஏழு நாளான இரட்டைக் குழந்தைகள். தாய்க்காரி சந்தேகமாகக் கேட்டாள்: "இவனுங்களையும் சேத்துக்குவீங்களா? தலையில ஒரு மசுருகூட இல்லையே."

"வளரும்" என்று சொல்லி இரண்டு கோடு போட்டாள்.

பதினோரு நாள் நடந்தாள். அறுநூற்று எழுபத்து நான்கு தலை. இக்கரையோடு கூட்டினால் பத்தாயிரத்து எண்பத்தாறு. சின்னவர் இடது கையால் மூன்று தடவை கூட்டிப் பார்த்தார்.

சபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச அனுமதி உண்டு என்பது அதுவரை எங்களில் பலருக்குத் தெரியாது. அன்று நோட்டுப் புத்தகத்தோடு அவள் எழுந்து நின்றாள். தலைவி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பெரியவர்தான் முதலில் பேசினார்.

"தலைவி அவர்களே, ஸ்கூல் நோட்டுல கோடு போட்டா அது ஜனத்தொகை ஆயிடுமா? அக்கரையில இன்னைக்கு இருப்பான், நாளைக்குப் போவான். அது கெடக்கட்டும், இது குடும்ப விஷயம். என் தம்பி பொண்டாட்டி கத்தியத் தூக்கிட்டு ஆம்பளைங்க மூஞ்சியத் தொடணும்னு நிக்கிறா. இது நல்லாருக்கா? இந்த ஊர்ல எந்த ஆம்பள இவகிட்ட சவரம் பண்ணிக்குவான்?"

சின்னவள் அவரைப் பார்க்கவில்லை. சபையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"பன்னெண்டு வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தேங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி இந்த ஊர் ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு நான்தான் சவரம் பண்ணிவிட்டேன். மூஞ்சி மட்டும் இல்ல. குடலிறக்கம், மூலம், கல்லடைப்பு, எல்லாத்துக்கும். இந்த ரூம்லயே அஞ்சு பேரு இருக்கீங்க. யாருக்கு எங்கன்னு சொல்லட்டுங்களா?"

பின்வரிசையில் யாரோ வெடித்துச் சிரிக்க, கூடமே சிரித்தது. நான்கு உறுப்பினர்கள் தங்கள் முன்னால் இருந்த காகிதங்களை மிகுந்த கவனத்தோடு படிக்கத் தொடங்கினார்கள். பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது.

ஆனால் சிரிப்பு வேறு, உரிமம் வேறு. தலைவி விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார். அடுத்த கூட்டம் இரண்டு மாதம் கழித்து.

சின்னவள் மறுநாள் காலையே கடையைத் திறந்தாள். மூன்றாம் நாள் எழுத்தர் அரக்கும் மெழுகுவர்த்தியும் காகிதமுமாகச் சீல் வைக்க வந்தார். மூஞ்சியில் ரத்தமே இல்லை.

"மன்னிச்சுக்கம்மா. மேலேர்ந்து உத்தரவு."

"வைங்க சார். உங்க வேலைய நீங்க செய்யுங்க. ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க."

ஸ்பானரை எடுத்தாள். நாற்காலியைக் கழற்றி, சின்னவர் ஒரு பக்கமும் வழியில் போன வெல்டர் மறுபக்கமும் பிடிக்க, வெளியே ஆற்றைப் பார்த்து வைத்தாள். கண்ணாடியைக் கொண்டுவந்து பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் கட்டினாள்.

"என்னம்மா இது?"

"சீல் கடைக்குத்தானே? நாற்காலிக்கு இல்லையே."

எழுத்தர் அங்கேயே நின்றபடி புத்தகத்தைப் புரட்டினார். விதி 'கூரையுள்ள இடத்தில்' நடக்கும் சலூனைப் பற்றித்தான் பேசியது. அவர் காலிக் கடைக்குச் சீல் வைத்துவிட்டு, புத்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு போனார். போகும்போது அவர் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

முதலில் உட்கார்ந்தவர் வெல்டர். அதன் பிறகு அக்கரைக்காரர்கள் வேலை முடிந்து பாலம் ஏறும் நேரத்தில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மழை பிடித்தபோது, அடுத்து வெட்டிக்கொள்ள நிற்பவர் நாற்காலிக்காரருக்குக் குடை பிடிப்பார். அவர் உட்காரும்போது அதற்கடுத்தவர் பிடிப்பார். பெரியவர் ஆள் அனுப்பி, குடையும் கூரைதான் என்று புகார் கொடுத்துப் பார்த்தார். எழுத்தர் புகாரை வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இக்கரையிலிருந்து மட்டும் யாரும் போகவில்லை. போக நினைத்தவர்கள் பலர். ஆனால் கடைவீதியில் பெரியவர் முகத்தில் முழிக்க வேண்டுமே. நானும் இரண்டு தடவை பாலம் வரை நடந்து, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்க வந்தவன் மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அந்தக் கட்டை உடைத்தது பெரியவரின் மனைவி. சின்னவளுக்கு ஓரகத்தி. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அவளுக்கு. பெரியவர் அதைத் தன் கடையின் விளம்பரம் மாதிரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடைவீதியில் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், அவள் நேராக நடந்து வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"வெட்டு."

சின்னவளின் கை நின்றுவிட்டது. "அக்கா, அத்தானுக்குத் தெரியுமா?"

"அவரு தலையையா வெட்டச் சொன்னேன்? என் தலைய நான் வெட்டிக்க அவருக்கு எதுக்குத் தெரியணும்?"

"நுனி மட்டும் எடுக்கட்டுமா?"

"கழுத்து வரைக்கும். இருபத்தஞ்சு வருஷமா சலூன்காரர் பொண்டாட்டியா இருக்கேன். சலூன் நாற்காலியில ஒரு நாள் உக்காந்ததில்ல. இத அலசிக் காயவைக்கவே எனக்கு ஒரு நாள் போயிடுது. பாரம் தாங்காம கழுத்து வலிக்குதுன்னு சொன்னா, அழகுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்கறாரு. கழுத்து அவரோடதா?"

சின்னவள் முடியை இரண்டு பின்னலாகப் பிரித்துக் கட்டினாள். முதல் பின்னலில் கத்திரி சிக்கி, நறநறவென்று மென்று, கடைசியில் அறுத்தது. அது மடியில் விழுந்தபோது ஓரகத்தி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது விழுந்தபோது கழுத்தை இடதும் வலதும் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அதற்குள் பாலத்தின் மேலும் கரையிலுமாக நூறு பேர் நின்றிருந்தோம்.

அவள் அதே தலையோடு கடைவீதி நடுவில் நடந்து வீட்டுக்குப் போனாள். சலூனைத் தாண்டும்போது நிற்கவில்லை. பெரியவர் சோப்பு நுரையோடு ஒருவரின் தாடையைப் பிடித்தபடி வாசலுக்கு வந்து நின்றார். நுரை காயும் வரை நின்றார் என்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தபால்காரர் வந்தார். நான் வந்தேன். பெண்கள் வந்தார்கள். ஊரில் ஒரு பெண்ணுக்கு முடி வெட்ட இடமே இல்லாமல் இருந்தது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

இரண்டு மாதம் கழித்து நடந்த கூட்டத்துக்கு அக்கரையிலிருந்து அறுபது பேர் வேலையை விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். வெல்டரின் மனைவிதான் பேசினாள். "எங்க பேரு அந்தம்மா நோட்டுல இருக்கு. உங்க நோட்டுல ஏன் இல்லன்னு கேக்க வந்தோம்." இரட்டைக் குழந்தைகளில் ஒன்று அந்த நேரம் பார்த்து வீறிட்டு அழுதது. தலைவி சின்னவளின் நோட்டை மறுபடி வாங்கிப் பார்த்தார். பிறகு, எண்ணிப் பார்ப்பதில் சபைக்கு என்ன பயம் என்று பெரியவரைப் பார்த்தே கேட்டார். ஆள் அனுப்பி எண்ணினார்கள். எழுநூற்றுப் பதினொன்று. சின்னவள் முப்பத்தேழு பேரைத் தவற விட்டிருந்தாள். அது அவளுக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

சீலை எழுத்தரே வந்து உடைத்தார். அக்கரைக்கு அந்த வருஷம் குழாய் போனது. தெருவிளக்கு இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.

ஒன்றரை வருஷம் பெரியவர் அவளோடு பேசவில்லை. ஒரு நாள் மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். கையில் ஒரு காகிதம். சுவரோரம் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார்.

"கேள்விப்பட்டியாம்மா? பெரிய ஊர்லேர்ந்து ஒருத்தன் வர்றான். அக்கரையில. ஏசி வச்சு, சுழல்ற நாற்காலி ஆறு போட்டு. மூணாவது கடைக்கு விதிப்படி இருபதாயிரம் பேரு வேணும், அவன் சபையில விலக்கு கேட்டிருக்கான். நம்ம ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நிறுத்திப்புடலாம். ஒன்னத்தான் மொதல்ல பாதிக்கும். அக்கரைக்காரங்கதானே ஒன் ஆளுங்க."

அவர் சொன்னது உண்மைதான். சின்னவள் காகிதத்தைப் படித்தாள். முழுவதும், நிதானமாக. பிறகு அதை அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"இந்த விதிய எடுத்துடச் சொல்லி வேற ஒண்ணு எழுதிட்டு வாங்க அத்தான். அதுல மொதக் கையெழுத்து நான் போடறேன்."

"பொழப்புப் போயிடும்மா!"

"போனா இன்னும் நல்லா வெட்டிப் புடிச்சுக்கறேன். அடுத்தவன் கதவுக்கு என் கையால சீல் வைக்க மாட்டேன்."

அவர் போகவில்லை, நின்றுகொண்டிருந்தார். போவதா, இன்னும் ஏதாவது சொல்வதா என்று தெரியாத மாதிரி. பின்கழுத்தில் முடி காலருக்குள் இறங்கியிருந்தது. தம்பிக்குக் கை போனதிலிருந்து பெரியவருக்கு ஒழுங்காக வெட்டிவிட ஆள் இல்லை. சின்னவள் அதைக் கவனித்தாள்.

"உக்காருங்க" என்றாள்.

"வேணாம்."

"சும்மா உக்காருங்க அத்தான். கழுத்த நீட்டச் சொல்லல. பின்னாடி மட்டும்தான்."

சின்னவர் சத்தம் போட்டுச் சிரித்தார். பெரியவர் முறைத்துவிட்டு வெளியேறினார். அன்றைக்கு உட்காரவில்லை. இன்றுவரை உட்காரவில்லை என்றுதான் கேள்வி.

அடுத்த கூட்டத்தில் சின்னவளே மனு எழுதிக் கொடுத்தாள். ஒரு வாக்கு வித்தியாசத்தில் விதி போனது. ஏசிக் கடை திறந்தது. சின்னவள் பயப்படாமல் இல்லை. முதல் மாதம் சாயங்கால வரிசை பாதியாகக் குறைந்தது, அக்கரை இளவட்டங்கள் அங்கேதான் போகிறார்கள். சின்னவள் அதைப் பற்றி யாரிடமும் புலம்பியதில்லை. ஆனால் அந்தக் கடையில் வெட்டிக்கொண்ட தலை ஏதாவது பாலத்தைத் தாண்டும்போது கையிலிருக்கும் வேலையை நிறுத்தி எட்டிப் பார்ப்பாள்.

"காதுக்குப் பின்னாடி பாருங்க, என்னமா வெட்டியிருக்கான்" என்பாள் எங்களிடம். "எலி கடிச்ச மாதிரி."